ஸ்கூட்டர் வேகம் எடுக்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

"முன்பு எண்பதில் போன வண்டி, இப்போது அறுபதைத் தாண்டவில்லை" என்ற குறையோடு பட்டறைக்கு வரும் கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றின் எஞ்சினில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. டயரில் காற்றுக் குறைவு, முழுமையாக விடுபடாத பிரேக், தேய்ந்த பெல்ட், பெல்ட் அமைப்புக்குள் தட்டையாகிப்போன ரோலர் ஆகியவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. இவற்றைப் பார்க்காமலேயே பிஸ்டன் மாற்றி, போர் வேலையும் (சிலிண்டர் துளையைக் கடைவது) செய்து, ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகும் அதே அறுபதிலேயே நிற்கும் வண்டிகளைத் தொடர்ந்து பார்க்க நேர்வதால், எதை முதலில் சோதிப்பது, எதைக் கடைசிவரை தொடாமல் விடுவது என்ற வரிசையை இங்கே எழுதுகிறேன். 110 சிசி, 125 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர்களை மனத்தில் வைத்தே இதை எழுதினாலும், மின்சார ஸ்கூட்டருக்கும் ஒரு பகுதி உண்டு.

## எதற்கும் முன்னால்: வேகம் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் இயல்பான உச்ச வேகம் உண்டு; அதை அறியாமல் பழுது தேடுவது வீண். ஆக்டிவா, ஜூப்பிட்டர் போன்ற 110 சிசி வண்டிகள் நல்ல நிலையில், ஓட்டுநர் ஒருவர் மட்டும் இருக்கும்போது, சமதளச் சாலையில் மீட்டரில் 85 வரை காட்டும். உண்மை வேகம் 80-ஐ ஒட்டியே இருக்கும். ஆக்சஸ் 125 போன்ற வண்டிகளின் உண்மை வேகம் 90-ஐச் சுற்றி அமையும். என்டார்க் 125 வண்டிக்கு நிறுவனமே 95 என்று அறிவித்திருந்தது. ஏராக்ஸ் 155 போன்ற பெரிய எஞ்சின் வண்டிகள் மட்டுமே நூறை எளிதாகத் தாண்டுகின்றன. 90 சிசிக்கும் குறைந்த பழைய ஸ்கூட்டி வகைகளிடம் அறுபதுகளுக்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவே, "நண்பரின் 125 தொண்ணூறில் போகிறது, என் 110 போகவில்லை" என்பது பழுதே அல்ல.

மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதால், தயாரிப்பாளர்கள் எல்லோரும் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே அதை அமைக்கிறார்கள். கைப்பேசியில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் செயலி ஒன்றை இயக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரே சாலையில் போகும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையும் பதிவான உச்சத்தைப் பார்த்து, இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்காற்று ஒன்றே 110 சிசி வண்டியில் மணிக்கு ஐந்து, பத்து கிலோமீட்டரை விழுங்கிவிடும் என்பதால் ஒரு திசையில் மட்டும் பார்த்துச் சொல்லும் கணக்குக்கு மதிப்பில்லை.

சோதனைக்காகச் சட்ட வரம்பை மீற வேண்டிய தேவை கிடையாது. மத்திய அரசின் 2018 அறிவிக்கையின்படி, நடுவில் தடுப்புள்ள நான்கு வழிச்சாலையில் இருசக்கர வாகனத்துக்கான உச்ச வரம்பு 80. நகர எல்லைக்குள்ளும் மற்ற சாலைகளிலும் 60. சென்னை மாநகரில் 2023 நவம்பர் முதல் அது 50 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. 110 சிசி வண்டி, அனுமதியுள்ள சாலையில், ஜிபிஎஸ் கணக்கில் எழுபதுகளின் இறுதியைத் தொட்டுவிட்டால் அதற்குக் குறை எதுவும் இல்லை. 125 சிசி வண்டி ஆக்சிலேட்டரில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே 80-ஐ அடைந்துவிட்டால் அதையும் அத்துடன் விட்டுவிடலாம்.

இரண்டு இலவசச் சோதனைகள் எல்லா அறிகுறிகளுக்கும் பொது. முதலாவது, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பார்ப்பது: இந்த வகை வண்டிகளில் பொதுவாக முன்சக்கரத்துக்கு 22-ஐ ஒட்டியும், பின்சக்கரத்துக்குத் தனியாக ஓட்டினால் 29-ஐ ஒட்டியும், பின்னால் ஒருவர் அமர்ந்தால் அதற்கு மேலும் பி.எஸ்.ஐ. வேண்டும்; உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். இரண்டாவது, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றுவது. இந்த இரண்டையும் செய்யாமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

## அறிகுறி 1: மீட்டர் குறைவாகக் காட்டுகிறது, ஆனால் ஓட்டத்தில் மாற்றம் தெரியவில்லை

ஜிபிஎஸ் வேகம் சரியாக இருந்து மீட்டர் மட்டும் குறைந்தால், அல்லது முள் ஆடிக்கொண்டே இருந்தால், பழுது வேகமானியில்தான். முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்குச் செல்லும் கேபிள் கிரீஸ் வற்றிச் சிக்கிக்கொண்டிருக்கலாம். இரு முனைகளிலும் கழற்றி, உள்கம்பியை விரல்களால் உருட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கம்பி தடையின்றிச் சுழன்றும் முள் நகரவில்லையென்றால், சக்கரத்தருகே உள்ள சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். மீட்டரையே மாற்றுவது கடைசி வழி. டயரை வேறு அளவில் மாற்றியவர்களுக்கும் கணக்கு மாறும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

## அறிகுறி 2: எஞ்சின் இரைகிறது, வண்டி மட்டும் முன்னேறவில்லை

ஆக்சிலேட்டரைத் திருகினால் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாக ஏறுகிறது, வேகம் அதற்கேற்ப ஏறுவதில்லை. எஞ்சின் தன் வேலையைச் செய்கிறது, அந்த வேலை பின்சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. இந்த நிலையில் கார்புரேட்டரையோ பிளக்கையோ தொடுவதால் பயன் இல்லை. இடப்பக்க மூடிக்குள் இருக்கும் பெல்ட் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

### மழைநீரில் போன பிறகு தொடங்கியதா?

தேங்கிய நீரில் வண்டியை ஓட்டியிருந்தால், பெல்ட் அறைக்குக் காற்று போகும் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். நனைந்த பெல்ட் வழுக்கும். மூடியின் அடியில் வடிகுழாய் இருந்தால் அதைத் திறந்து நீரை வெளியேற்றி, எஞ்சினைச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். நீர் இருக்கை மட்டம் வரை ஏறி நின்ற வண்டியாக இருந்தால் மட்டும் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் மூழ்கியவை போன்ற வண்டிகளில், எஞ்சின் எண்ணெயிலும் பின்புறக் கியர் எண்ணெயிலும் நீர் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

### நனையவில்லை, ஆனால் மெல்ல மெல்லக் குறைந்ததா?

மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைந்திருந்தால், பெல்ட்டும் ரோலரும் தேய்ந்திருக்கின்றன என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம். 20,000 கிலோமீட்டரைத் தாண்டியும் பெல்ட் மாற்றாத வண்டி என்றால் வேறு காரணம் தேடவே வேண்டாம்.

மூடியைக் கழற்றும்போது திருகுகள் ஒரே நீளத்தில் இருக்காது என்பதால், ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு திருகையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். நீளத் திருகைக் குட்டைத் திருகின் துளையில் வைத்து முடுக்கினால் அலுமினிய மரை போய்விடும். உள்ளே கறுப்புத் தூள் படிந்திருப்பது இயல்புதான். அதை வாயால் ஊதாமல், முகக்கவசம் அணிந்துகொண்டு துணியால் துடைத்தெடுங்கள்.

பெல்ட்டின் உட்பக்கப் பற்களுக்கு இடையே விரிசல் இருக்கிறதா, ஓரங்கள் நூல் நூலாகப் பிரிந்திருக்கின்றனவா, பக்கவாட்டுப் பரப்பு கண்ணாடிபோலப் பளபளக்கிறதா என்று பாருங்கள். பலர் கவனிக்கத் தவறுவது அகலத்தை. விரிசலே இல்லாத பெல்ட்கூட அகலத்தில் தேய்ந்திருக்கும். அகலம் குறைந்த பெல்ட் முன்புறப் புல்லியில் விளிம்புவரை ஏற முடியாமல் பாதியிலேயே நின்றுவிடுவதால், எஞ்சின் முழு வேகத்தில் சுழன்றாலும் வண்டியின் உச்ச வேகம் குறைந்துபோகிறது. வெர்னியர் அளவுகோலால் அளந்து, கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிட வேண்டும். அளவுகோல் இல்லையென்றால் புதிய பெல்ட்டை அருகில் வைத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

புல்லியின் உட்பரப்பில், மையத்திலிருந்து விளிம்புவரை, மார்க்கர் பேனாவால் ஒரு நேர்க்கோடு இழுத்துவிட்டு, மூடியைப் போட்டு ஒருமுறை முழு வேகம் வரை ஓட்டி வந்து மீண்டும் திறந்து பார்ப்பது, எந்தக் கருவியும் கேட்காத மிக நம்பகமான சோதனை. பெல்ட் தொட்ட இடம் வரை மை அழிந்திருக்கும். விளிம்பை ஒட்டி அழிந்திருந்தால் அமைப்பு முழுமையாக வேலை செய்கிறது. விளிம்புக்குக் கீழே அகலமான பட்டையாக மை மிச்சம் இருந்தால், பெல்ட்டோ ரோலரோ தன் பங்கைச் செய்யவில்லை.

எஞ்சின் வேகம் ஏற ஏற முன்புறப் புல்லியின் தட்டுகளை நெருக்கி, பெல்ட்டை விளிம்புக்கு ஏற்றும் பகுதிதான் வேரியேட்டர். அதைத் திறந்தால் ஆறு ரோலர்கள் இருக்கும். உருண்டையாக இருக்க வேண்டியவை ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால், அவை உருளாமல் சறுக்கி, பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். மேசைமேல் உருட்டிப் பாருங்கள். தட்டையானது "டக்" என்று நின்றுவிடும். ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் ஆறையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அவற்றோடு இருக்கும் சறுக்குத் துண்டுகளின் விலை மிகக் குறைவு என்பதால் அவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. ரோலர் அறைக்குச் சில மாடல்களில் குறிப்பிட்ட அளவு கிரீஸ் உண்டு, சிலவற்றில் துளியும் கூடாது. கையேட்டைப் பார்க்காமல் கிரீஸ் வைக்க வேண்டாம். பெல்ட்டின் மீதோ புல்லியின் முகத்திலோ அது பட்டுவிட்டால், நீங்கள் சரிசெய்ய வந்த வழுக்கலை நீங்களே உண்டாக்கியவர்களாவீர்கள்.

திரும்பப் பொருத்தும்போது நடக்கும் ஒரு தவறு மிகுந்த செலவு வைப்பது. பின்புறப் புல்லியைக் கையால் விரித்து, பெல்ட்டை அதற்குள் ஆழமாக இறக்கி, முன்பக்கத்தில் பெல்ட் தளர்வாகத் தொங்கும்படி செய்த பிறகே முன்புற நட்டை முடுக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் இரு தட்டுகளுக்கும் நடுவே பெல்ட் நசுங்கிக்கொண்டிருக்கும். நட்டு இறுகிவிட்டது போலத் தோன்றும். ஓட்டத்தில் பெல்ட் தன் இடத்துக்கு வந்ததும் நட்டு தளர்ந்து, கிராங்க் தண்டின் வரிப்பற்களைத் தின்றுவிடும். அதன்பின் எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான்.

### பெல்ட்டும் ரோலரும் நன்றாக இருக்கின்றனவா?

அடுத்தது பின்பக்கக் கிளட்ச். மேட்டில் ஏறும்போதும் இருவர் அமர்ந்து புறப்படும்போதும் மட்டும் இரைச்சல் கூடினால், கிளட்ச் ஷூவின் மேற்பரப்பு தேய்ந்திருக்கும் அல்லது பளபளப்பாகியிருக்கும். வெளிக்கிண்ணத்தின் உட்புறம் நீலம் பாய்ந்திருந்தால், வழுக்கிய சூட்டில் எரிந்திருக்கிறது என்று பொருள். லேசான பளபளப்பை உப்புத்தாளால் தேய்த்துப் போக்கலாம். தேய்மானம் வரம்பைத் தாண்டினால் ஷூவைச் செட்டாக மாற்றுவதே சரி. பின்புறப் புல்லியின் ஸ்பிரிங் வலுவிழப்பதும், அதன் உள்சீல் கசிந்து கிரீஸ் பெல்ட்டின் மீது தெறிப்பதும் இதே அறிகுறியைத் தரும்.

மெக்கானிக்கிடம் எப்போது போவது: முன்புற நட்டைக் கழற்றப் புல்லியைப் பிடித்துக்கொள்ளும் கருவி உங்களிடம் இல்லையென்றால், மூடியைத் திறந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புல்லியின் காற்றாடிப் பற்களுக்குள் திருப்புளியை விட்டு நிறுத்தி நட்டைக் கழற்றுவதைத் தெருவோரக் கடைகளில் இன்றும் பார்க்கிறோம். அப்படிச் செய்தால் பற்கள் முறியும். அவ்வாறு கழற்ற முற்படுபவரைத் தயங்காமல் தடுத்து நிறுத்தலாம், வண்டி உங்களுடையது. பின்புறப் புல்லியின் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பதால், அதை வீட்டில் பிரிக்கவே கூடாது. நட்டு விடுபட்டதும் முகத்தில் பாயும்.

## அறிகுறி 3: பிக்கப் உண்டு, டாப் இல்லை, அல்லது டாப் உண்டு, பிக்கப் இல்லை

அண்மையில் ரோலர் மாற்றிய வண்டிகளில்தான் இது வரும். எடை குறைந்த ரோலர் போட்டிருந்தால் புறப்படும்போது துள்ளும், சத்தம் அதிகமாக இருக்கும், அறுபதுக்கு மேல் திணறும். எடை கூடியதைப் போட்டிருந்தால் புறப்பாடு மந்தமாகி, மேட்டில் இழுவையே இருக்காது. ரோலர்களின் மேல் கிராம் அளவு அச்சிடப்பட்டிருக்கும், அல்லது நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். நிறுவனம் கொடுத்த எடைக்கே திரும்புங்கள். ரோலர் மாற்றி டாப் ஸ்பீடு ஏற்றித் தருவதாகச் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. 110 சிசி எஞ்சின் தரும் எட்டுக் குதிரைத்திறனுக்கும் குறைவான ஆற்றலில் காற்றின் எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு போகக்கூடிய வேகம் ஏறத்தாழ எண்பதுதான். அதை ரோலர் மாற்ற முடியாது.

## அறிகுறி 4: எஞ்சினே ஏற மறுக்கிறது, அறுபதில் அமுங்கி நிற்கிறது

முழுதாகத் திருகியும் சத்தம் ஏறவில்லை, ஏதோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போன்ற ஓட்டம். இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது.

### கையால் சுற்றினால் சக்கரம் தடையோடு சுழல்கிறதா?

பிரேக் முழுமையாக விடுபடவில்லை. பிரேக் கேபிளை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பதே மிக எளிய, மிகப் பரவலான காரணம். கைப்பிடியில் சிறிது தளர்வு இருக்கும்படி நட்டைத் திருப்பிவிட்டாலே வண்டி வேறு வண்டியாகிவிடும். மழைக்காலத்துக்குப் பின் பிரேக் ஷூவை விரிக்கும் கேம் தண்டு துருப்பிடித்து, லீவரை விட்டாலும் திரும்பி வராமல் நிற்கும். டிரம்மைக் கழற்றி, துருவைச் சுரண்டி, தண்டின் மீது மட்டும் மிகச் சிறிதளவு கிரீஸ் தடவ வேண்டும்.

முன்சக்கரத்தையும் மறக்காதீர்கள். சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் பின்பகுதியை ஒருவர் அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் தரையை விட்டெழும்பும். அப்போது சுற்றிப் பாருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த ஏறக்குறைய எல்லா ஸ்கூட்டர்களிலும் இடக்கை லீவர் இரண்டு பிரேக்குகளையும் சேர்த்தே இயக்குவதால், பின் பிரேக்கைச் சரிசெய்கிறேன் என்று இறுக்குபவர்கள் முன் பிரேக்கையும் பிடிக்க வைத்துவிடுகிறார்கள். சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரிந்தாலோ, சுற்றும்போது கரகரப்பு கேட்டாலோ பேரிங் போயிருக்கிறது. அதை மாற்ற அழுத்தக் கருவி உள்ள பட்டறைக்குப் போக வேண்டும்.

### சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா?

அப்படியானால் எஞ்சினுக்குப் போதுமான காற்றோ பெட்ரோலோ தீப்பொறியோ கிடைக்கவில்லை. செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

ஆக்சிலேட்டர் கேபிள் தளர்ந்திருந்தால், கைப்பிடி முழுதாகத் திரும்பியும் உள்ளே வால்வு முக்கால் பங்குதான் திறக்கும். எஞ்சின் அணைந்த நிலையில் ஒருவர் முழுதாகத் திருகிப் பிடிக்க, மற்றவர் கேபிள் முனையில் உள்ள வளையம் நிறுத்தக் கட்டையைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏர் ஃபில்டரைப் பொறுத்தவரை, எண்ணெய் ஊறிய காகித வகையைக் கழுவவோ காற்றடித்துத் தட்டவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும். அதை ஊதிச் சுத்தம் செய்து மீண்டும் போடுவது மிச்சம் பிடிப்பதுபோலத் தோன்றினாலும், அதன் எண்ணெய்ப் படலம் கலைந்து தூசி உள்ளே போய்ப் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும். பழைய வண்டிகளின் நுரைப் பஞ்சு வகையை மட்டும் மண்ணெண்ணெயில் அலசிப் பிழிந்து, எண்ணெய் தடவிப் போடலாம். ஃபில்டர் இல்லாமல் ஓட்டிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம்.

பிளக்கைக் கழற்றினால் அதன் முனை நிறமே பாதி விடையைச் சொல்லிவிடும். இளம் பழுப்பு நல்லது. கரிபோல உலர்ந்த கறுப்பு, பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போவதைக் காட்டும். எண்ணெய்ப் பசையோடு கூடிய கறுப்பு என்றால் ரிங்கோ வால்வு சீலோ கசிகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. புதிய பிளக் போட்டுப் பார்ப்பது, வேறெந்தச் சோதனையையும்விட மலிவானது.

2020 ஏப்ரலுக்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகளில், மேல்மூடிக்குக் கீழே மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்று இருக்கும். அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலே, பாதித் திருகலுக்கு மேல் எஞ்சின் ஏற மறுக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மடிப்புகளை விரித்துப் பார்த்தால் புள்ளி வெளிச்சம் தெரியும். முதன்மை ஜெட்டைச் சுத்தம் செய்யக் கம்பி விட வேண்டாம், துளை பெரிதாகிவிடும். காற்றடித்தாலே போதும். அதற்குப் பின் வந்த பிஎஸ்-6 (புதிய புகை வரம்பு விதி) வண்டிகளில் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் உள்ளதால் வீட்டில் செய்ய அதிகம் இல்லை. மீட்டரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்கே செல்ல வேண்டும்.

சைலன்சர் வாயருகே கையை வைத்தால் (தொடாமல்) காற்று விட்டுவிட்டுத் தள்ளுவது தெரிய வேண்டும். நீண்ட நாள் நின்ற வண்டியில் குளவி மண்ணால் கூடு கட்டி அடைத்திருப்பது நம் ஊரில் அரிதான காரணம் அன்று.

மெக்கானிக்கிடம் எப்போது போவது: மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, கிக்கரை மிதித்தால் எதிர்ப்பு மிகக் குறைவாக இருந்தாலோ, நீலப் புகை வந்தாலோ, எஞ்சின் எண்ணெய் அடிக்கடி குறைந்தாலோதான் எஞ்சினுக்குள் போக வேண்டிய கட்டம் வருகிறது. அப்போதும் முதலில் வால்வு இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அடுத்து மானி வைத்துக் கம்ப்ரஷன் அளவைக் காட்டச் சொல்லுங்கள். அந்த அளவைக் காட்டாமல் "போர் போயிருக்கு" என்று சொல்லும் இடத்தில் வண்டியை விட வேண்டாம்.

## அறிகுறி 5: நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, சில கிலோமீட்டரில் இறங்கிவிடுகிறது

வேகம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, பிறகு வண்டி சரியாக ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. செலவே இல்லாத பழுது இது.

அப்படி இல்லையென்றால் பின்சக்கர மையத்தருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். பிரேக் பிடிக்காமல் ஓட்டி வந்தும் அனல் அடித்தால், நான்காம் அறிகுறியில் சொன்ன பிரேக் உரசல்தான் சூட்டில் விரிந்து பிடிக்கிறது.

பெட்ரோல் நிரப்பிய பிறகு தொடங்கியிருந்தால், டேங்கின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து அசையாமல் வைத்துப் பாருங்கள். இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், நீர் புகுந்துவிட்டால் எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காகப் பிரியும். அடுக்கு தெரிந்தால் டேங்க்கை முழுதாக வடித்துவிட வேண்டும்.

மூன்றும் இல்லையென்றால் எஞ்சின் சூடேறுகிறது. இந்த ஸ்கூட்டர்கள் விசிறிக் காற்றால் குளிர்பவை; எஞ்சினைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறைதான் அந்தக் காற்றைச் சிலிண்டரின் மீது செலுத்துகிறது. முந்தைய பழுதுபார்ப்பில் அந்த உறையை உடைத்துவிட்டோ, திருகு போடாமலோ விட்டிருந்தால் காற்று வீணாகும். சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையே சேறு காய்ந்து அடைத்திருப்பதும் அடிக்கடி காண்பதுதான். அளவுக்கோலில் எண்ணெய் மட்டத்தையும் பாருங்கள். முக்கால் லிட்டர் அளவுக்கே எண்ணெய் கொள்ளும் எஞ்சினில் கால் லிட்டர் குறைந்தாலும் அது பெரிய குறைவு. மட்டம் மிகவும் இறங்கியிருந்தால் அதே நிலையில் ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகக் கூடாது, எண்ணெய் ஊற்றிய பிறகே நகர்த்த வேண்டும்.

## அறிகுறி 6: மின்சார ஸ்கூட்டர் வேகம் எடுக்கவில்லை

முதலில் ஓட்ட முறையைப் பாருங்கள். ஈக்கோவில் இருந்தால் கட்டுப்பாட்டுக் கருவியே வேகத்தை மட்டுப்படுத்தும். சார்ஜ் மிகக் குறைந்திருக்கும்போதும், கோடை வெயிலில் பேட்டரியோ மோட்டாரோ சூடேறியிருக்கும்போதும் பல மாடல்கள் ஆற்றலைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். அது பழுதன்று, பாதுகாப்பு. நிழலில் ஆறவைத்து, சார்ஜ் ஏற்றிய பின் மீண்டும் சோதியுங்கள். காற்றழுத்தம், பிரேக் உரசல் ஆகியவை இங்கும் அதே முக்கியத்துவம் உடையவை.

ஐக்யூபின் தொடக்க மாடல் 78, ஏத்தர் 450எக்ஸின் அண்மைப் பதிப்புகள் 90 என்று மாடலுக்கு மாடல் வரம்பு மாறும். 250 வாட்டுக்குட்பட்ட மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேக வரம்பும் கொண்ட சிறு வண்டிகளுக்குப் பதிவெண்ணும் உரிமமும் தேவையில்லை என்பது அந்த வரம்பு இருக்கும்வரைதான். அதன் கட்டுப்பாட்டு வயரை வெட்டி வேகம் கூட்டித் தருகிறவர்கள், பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனம் ஒன்றை உங்கள் கையில் கொடுக்கிறார்கள். அதில் ஒருவர் மீது மோதிவிட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும். பேட்டரி உறை, ஆரஞ்சு நிற வயர்கள், கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றைத் திறக்க வேண்டிய எந்தச் சோதனையையும் நிறுவனத்தின் சேவை மையத்திடமே விட வேண்டும்.

## அறிகுறி 7: வேகம் வருகிறது, ஆனால் கைப்பிடி ஆடுகிறது

மற்ற ஆறும் பணத்தையும் நேரத்தையும் வீணாக்குபவை. இது உயிருக்கு ஆபத்தானது. ஐம்பதுக்கு மேல் கைப்பிடி இடமும் வலமுமாக நடுங்கினால், வேகத்தைக் கூட்டிக் கடந்துவிடலாம் என்று முயல வேண்டாம். சட்டென்று பிரேக்கும் அடிக்காமல், இரு கைகளாலும் இறுகப் பிடித்து, ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு வேகத்தைக் குறையுங்கள்.

பின்னால் பெட்டி, முன்னால் அரிசி மூட்டை போன்ற சுமைகளை எடுத்துவிட்டு மீண்டும் பாருங்கள். காற்றழுத்தத்தையும், டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, பக்கச்சுவரில் புடைப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் ஓரத்தில் ஒரு குச்சியை அசையாமல் பிடித்தால் நெளிவு தெரிந்துவிடும்.

அவை சரியென்றால் கோன் செட், அதாவது கைப்பிடித் தண்டு திரும்ப உதவும் பேரிங்குகள். முன்சக்கரம் தரையை விட்டெழும்பிய நிலையில் ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். "டக் டக்" என்ற ஆட்டம் இருந்தால் கோன் தளர்ந்திருக்கிறது. கைப்பிடியை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல நின்றால், பேரிங் குழிந்துவிட்டது. இறுக்குவதால் பயன் இல்லை, மாற்ற வேண்டும். பின்பகுதி மட்டும் அசைந்தால் எஞ்சினைச் சட்டகத்தோடு இணைக்கும் புஷ் தேய்ந்திருக்கும். கோன் செட்டும் புஷ்ஷும் வீட்டில் செய்யும் வேலைகள் அல்ல. விபத்தில் விழுந்தெழுந்த வண்டியில் இந்த நடுக்கம் தொடங்கியிருந்தால் ஃபோர்க்கோ சட்டகமோ வளைந்திருக்கலாம். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாமல், ஆட்டோவிலோ மினி லாரியிலோ ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.